ஃபயர்வால் நிரலில் கை வைக்கும் முன்: கர்னலும் கருவியும் ஒத்துப்போக என்ன செய்ய வேண்டும்

லினக்ஸ் கர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரில் புதிதாக ஒரு வசதி சேர்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கர்னல் பக்கத்து சி நிரலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தப் பகுதி உண்மையில் அவ்வளவு கடினம் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு மாட்யூலை நகலெடுத்து நாலு ஃபங்ஷனை மாற்றினால் ஓடிவிடும். உங்கள் கணினியில் ஓடும், ஏனென்றால் அங்கே கர்னலும், ஃபயர்வால் விதிகளை (ரூல்களை) அதில் ஏற்றும் என்எஃப்டி கருவியும் நேற்று நீங்களே கம்பைல் செய்தவை. வெளியே அப்படி இல்லை. சர்வரில் ஓடுவது 5.10 கர்னல், அதன் மேல் ஓடும் கண்டெய்னருக்குள் இருப்பது மூன்று வருடம் புதிய கருவி. இன்னொரு இடத்தில் கர்னல் புதிது, ஆனால் யாரோ எப்போதோ ஸ்டாட்டிக்காக லிங்க் செய்து வைத்த பழைய ஐபிடேபிள்ஸ் (என்எஃப்டிக்கு முந்தைய கருவி). இந்த ஜோடிகள் எல்லாவற்றிலும் உங்கள் மாற்றம் என்ன செய்யும் என்று யோசிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

ஓபன்பிஎஸ்டியில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே பிஎஃப் ஃபயர்வாலின் கர்னல் பகுதியும் பிஎஃப்சிடிஎல் கருவியும் ஒரே மூலமரத்தில் இருக்கின்றன, சேர்ந்தே வெளியாகின்றன, சேர்ந்தே மாறுகின்றன. லினக்ஸில் கர்னல் ஒரு திட்டம், என்எஃப்டி இன்னொன்று, நடுவில் லிப்என்எஃப்டிஎன்எல், லிப்எம்என்எல் என்று இரண்டு நூலகங்கள். நான்கும் தனித்தனித் தேதிகளில் வெளிவரும்.

"யூசர்ஸ்பேஸை (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) உடைக்காதே" என்கிற கர்னல் விதி எல்லோருக்கும் தெரியும். நேற்று ஓடிய நிரல் கர்னலை மாற்றியதால் இன்று ஓடவில்லை என்றால் குற்றம் கர்னலுடையது. ஆனால் இந்த விதி ஒரு திசையை மட்டும்தான் காக்கிறது: புதிய கர்னல், பழைய கருவி. எதிர்த்திசையில், பழைய கர்னலிடம் புதிய கருவி பேசும்போது என்ன ஆகும் என்பதை யாரும் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஃபயர்வாலைப் பொறுத்தவரை அந்தத் திசைதான் அதிக ஆபத்து. ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் எல்லை எங்கே என்று பாருங்கள்

கர்னல் மூலத்தில் இன்க்லூட் கோப்புறைக்குள் யூஏபிஐ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. 2012-ல் 3.7 கர்னலில் வெளியுலகத்துக்கான ஹெடர்களையெல்லாம் தனியாகப் பிரித்து அங்கே வைத்தார்கள். அதற்குள் லினக்ஸ், அதற்குள் நெட்ஃபில்டர். அங்கே இருக்கும் என்எஃப் டேபிள்ஸ் ஹெடர்தான் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது. அந்தக் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒப்பந்தம். அதற்கு வெளியே, நெட் கோப்புறைக்குள் இருக்கும் உள் ஃபங்ஷன்களையும் ஸ்ட்ரக்ட்களையும் தாராளமாக மாற்றலாம்.

ஆனால் ஹெடர் மட்டும்தான் ஒப்பந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ப்ராக் கோப்புகளில் வரும் வரிகளின் அமைப்பு, சிஸ்கண்ட்ரோல் பெயர்கள், மாட்யூல் பெயர்கள், திரும்பி வரும் பிழை எண்கள் எல்லாமே யாரோ ஒருவருடைய ஷெல் ஸ்கிரிப்டில் போய் உட்கார்ந்திருக்கும். குறிப்பாகப் பிழை எண். "இல்லை" என்பதற்கு வரும் ஈனோஎன்டியை "தவறான மதிப்பு" என்பதற்கான ஈஇன்வாலாக மாற்றினால் உங்களுக்கு அது திருத்தம். "ஏற்கெனவே அழிந்துவிட்டது, பரவாயில்லை" என்று அந்த ஒரு எண்ணை மட்டும் மன்னித்து மேலே போகும் கருவிக்கு அது உடைசல்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். என்எஃப்டி, லிப்என்எஃப்டிஎன்எல், ஐபிடேபிள்ஸ் எல்லாமே கர்னல் ஹெடர்களின் நகலைத் தங்கள் மூலத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் கம்பைல் செய்யும் கணினியில் எந்தக் கர்னல் ஹெடர் இருக்கிறது என்பது பொருட்டில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் அர்த்தம், கம்பைல் ஆகிவிட்டது என்பது ஓடும் கர்னலைப் பற்றி உங்களுக்கு எதுவுமே சொல்லவில்லை என்பதும்தான்.

கர்னல் பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் நிரலை யூசர்ஸ்பேஸில் எழுதவே வேண்டாம். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ன் கர்னல் தன்னை 4.18 என்று சொல்லிக்கொள்ளும். ஆனால் பின்னால் வந்த ஏகப்பட்ட நெட்ஃபில்டர் மாற்றங்கள் அதற்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. எண்ணை நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறுவீர்கள். இருக்கிறதா என்று கர்னலிடமே கேளுங்கள், அல்லது முயன்று பார்த்துப் பிழையைப் படியுங்கள்.

ஐபிடேபிள்ஸ் பக்கம் வேலை என்றால்

இந்தப் பகுதியில் இப்போது புதிய வசதிகள் அதிகம் சேர்வதில்லை. என்றாலும் படித்து வைப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த என்எஃப்டேபிள்ஸ் (என்எஃப்டி கருவியின் கர்னல் பக்கம்) ஏன் நெட்லிங்க் என்ற செய்தி வழிக்கு மாறியது என்று இங்கேதான் புரியும்.

2001-ல் 2.4 கர்னலோடு வந்த ஐபிடேபிள்ஸ், முழு டேபிளையும் ஒரே பைட் குவியலாகக் கர்னலிலிருந்து வாங்கி, அதில் ஒரு ரூலைச் சேர்த்து, முழுவதையும் செட்சாக்ஆப்ட் என்ற சிஸ்டம் கால் வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது. குவியலுக்குள் இருப்பவை அப்படியே சி ஸ்ட்ரக்ட்கள். ஒரு ஸ்ட்ரக்டின் நடுவில் நீங்கள் ஒரு பைட் சேர்த்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாமே நகர்ந்துவிடும்.

இதைச் சமாளிக்கத்தான் ரிவிஷன் எண். ரூலில் இருக்கும் மேட்ச் (நிபந்தனை), டார்கெட் (என்ன செய்வது) ஒவ்வொன்றுக்கும் முன்னால் 32 பைட் தலைப்பு உண்டு: அளவுக்கு 2 பைட், பெயருக்கு 29 பைட், ரிவிஷனுக்கு 1 பைட். ஆரம்பத்தில் பெயருக்கு 30 பைட் இருந்தது. பெயர்களெல்லாம் அதைவிடச் சின்னவை என்பதால் கடைசி பைட் எப்போதும் பூஜ்யமாகத்தான் இருந்தது, அதையே ரிவிஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய கருவி எதுவும் தெரியாமல் பூஜ்யத்தை அனுப்பும், கர்னல் அதை ரிவிஷன் 0 என்று படிக்கும். பழையவர்கள் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் மதிப்புக்குப் பழைய அர்த்தத்தையே கொடுக்கும் இந்த வழி, எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்று.

ஆகவே இங்கே செய்ய வேண்டியது இதுதான். இருக்கும் ஸ்ட்ரக்டைத் தொடாதீர்கள். புதிய ஸ்ட்ரக்ட் எழுதி, அடுத்த ரிவிஷன் எண்ணில் பதிவு செய்யுங்கள், பழையதையும் விட்டு வையுங்கள். இணைப்பின் நிலையைப் பார்க்கும் கான்ட்ராக் மேட்ச் ரிவிஷன் 3 வரை போனது இப்படித்தான். கருவி, "இந்தப் பெயரில் இந்த ரிவிஷன் தெரியுமா" என்று கர்னலிடம் கேட்டுவிட்டு, இருவருக்கும் தெரிந்ததில் மேலானதைப் பயன்படுத்தும்.

ஸ்ட்ரக்ட் எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 64 பிட் கர்னலின் மேல் 32 பிட் கருவி ஓடலாம். இரண்டிலும் ஸ்ட்ரக்டின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். லாங், பாயிண்டர் போன்ற வகைகளைத் தவிர்த்து, அளவு குறிப்பிட்ட வகைகளையே போடுங்கள். 64 பிட் எண் இருந்தால் அலைன்ட் வகையைப் போடுங்கள். பஹோல் கருவியில் ஓட்டிப் பார்த்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரிந்துவிடும். இது வெறும் அழகுக்காக இல்லை. 32 பிட் அமைப்பை 64 பிட்டுக்கு மாற்றும் நிரலில், இடைவெளியைப் பூஜ்யத்தால் நிரப்பும் ஒரு வரி, ஒதுக்கிய இடத்தைத் தாண்டிச் சில பைட்டுகள் எழுதியது. 2.6.19-ல் நுழைந்த அந்தப் பிழை கிட்டத்தட்ட 15 வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2021-ல் வெளியே வந்தபோது, சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடக்கூடிய ஓட்டையாக வந்தது. சிவிஇ-2021-22555 என்று தேடினால் முழுக் கதையும் கிடைக்கும்.

இரண்டாவது, கருவி முழு டேபிளையும் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஸ்ட்ரக்டுக்குள் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்ணை வைத்தால், முதல் முறை ரூல் ஏறும். அடுத்த முறை வேறு யாரோ சம்பந்தமில்லாத ஒரு ரூல் சேர்க்கும்போது அந்தப் பழைய எண்ணும் குவியலோடு திரும்பி வரும், அதற்குள் அந்த எண் செத்துப்போயிருக்கும். குட்டி நிரல் ஒன்றை ஓட்டிச் சோதிக்கும் பிபிஎஃப் மேட்ச்சின் ரிவிஷன் 1-ல் சரியாக இதுவே நடந்தது. பிறகு எண்ணுக்குப் பதில் கோப்புப் பாதையை வைத்து வேலை செய்யும்படி திருத்தினார்கள்.

என்எஃப்டேபிள்ஸ்: ஆட்ரிபியூட்களின் உலகம்

2014 ஜனவரியில் 3.13 கர்னலோடு வந்த என்எஃப்டேபிள்ஸில் ஸ்ட்ரக்ட் குவியல் இல்லை. எல்லாமே நெட்லிங்க் ஆட்ரிபியூட்கள்: நீளத்துக்கு 2 பைட், வகை எண்ணுக்கு 2 பைட், பிறகு மதிப்பு. எண்கள் பிக் எண்டியன் வரிசையில் போகும். புதிதாக ஒன்று சேர்க்க வேண்டுமா, புது வகை எண் கொடுத்தால் போதும், மற்றவை நகராது.

கம்பியில் என்ன போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். என்எஃப்டி கட்டளையின் டீபக் விருப்பத்துக்கு நெட்லிங்க் என்று கொடுத்தால் உங்கள் ரூல் எந்தெந்த எக்ஸ்பிரஷனாக (சிறு செயலாக) உடைகிறது, எந்த ரெஜிஸ்டரில் (இடைமதிப்பை வைக்கும் இடத்தில்) எது ஏறுகிறது என்று காட்டும். எம்என்எல் என்று கொடுத்தால் செய்திகளையே பைட் பைட்டாகக் கொட்டும். இதற்கெல்லாம் சர்வரைத் தொட வேண்டாம். அன்ஷேர் கட்டளையால் ஒரு தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் உருவாக்கி அதற்குள் விளையாடுங்கள், ரூட் இல்லாமலேகூட முடியும்.

ஆட்ரிபியூட் எண்களுக்கான விதி சுருக்கமானது. ஈனமின் கடைசியில், மேக்ஸ் வரிக்கு மேலே சேர்க்க வேண்டும். நடுவில் செருகக் கூடாது, வரிசை அழகாக இல்லையென்று மாற்றி அடுக்கக் கூடாது, பயன்படாமல் போன எண்ணை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. செத்த எண் செத்ததாகவே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கட்டும்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

புரியாமல் தலையாட்டும் கர்னல்

தனக்குத் தெரிந்த அதிகபட்ச எண்ணைவிடப் பெரிய ஆட்ரிபியூட் வந்தால் என்எஃப்டேபிள்ஸ் கர்னல் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, தாண்டிப் போய்விடும். பொதுவான நெட்லிங்க் உலகில் இது வசதியான குணம்தான். ஃபயர்வாலில் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு செட்டில் இருக்கும் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் எக்ஸ்பிரஷனுக்கு, "செட்டில் இல்லாதவை" என்று அர்த்தத்தைத் திருப்பும் புது ஆட்ரிபியூட் ஒன்றைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிய கருவி அதை அனுப்புகிறது. பழைய கர்னல் அந்த ஆட்ரிபியூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை ஏற்றுக்கொள்கிறது. கட்டளை வெற்றி என்று திரும்புகிறது. தடுக்க வேண்டிய முகவரிகள் உள்ளே வருகின்றன, வர வேண்டியவை வெளியே நிற்கின்றன, யாருக்கும் தெரியாது.

ரூல் ஏறவில்லை என்றால் நிர்வாகி திட்டுவார், பிழையைப் படிப்பார், கர்னலை மாற்றுவார் அல்லது ரூலை மாற்றி எழுதுவார். ரூல் ஏறி வேறு அர்த்தத்தில் ஓடினால் அவருக்குத் தெரியவே வராது. எனவே வடிவமைக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதைப் புரியாத கர்னல் இதைக் கட்டாயம் மறுக்குமா?" அது மறுக்கும்படி செய்யச் சில வழிகள் உண்டு. அவற்றை நெட்ஃபில்டர் ஆட்கள் ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறார்கள், நாமும் அவற்றையே பின்பற்றலாம்.

எனக்குப் பிடித்தது பிட்வைஸ் எக்ஸ்பிரஷனில் செய்தது. அது முதலில் மாஸ்க், எக்ஸ்ஆர் இரண்டு மதிப்புகளை வைத்து மட்டும் வேலை செய்தது. 5.6 கர்னலில் இடப்பக்கம், வலப்பக்கம் ஷிஃப்ட் செய்யும் வசதி வந்தபோது, எந்தச் செயல் என்று சொல்ல ஓபி என்ற ஆட்ரிபியூட்டும் எவ்வளவு என்று சொல்ல டேட்டா என்ற ஆட்ரிபியூட்டும் சேர்ந்தன. பழைய கர்னல் இரண்டையும் கவனிக்காது. ஆனால் ஷிஃப்ட் கேட்கும் செய்தியில் மாஸ்க், எக்ஸ்ஆர் இரண்டும் இருக்காது. பழைய கர்னலுக்கு அவை கட்டாயம் என்பதால் ஈஇன்வால் சொல்லி மறுத்துவிடும். கட்டாயமான ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டதால் பாதுகாப்பு கிடைத்தது. ஓபி இல்லாமல் வரும் பழைய கருவியின் செய்தியைப் புதிய கர்னல் பழைய மாஸ்க் வேலையாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு திசையும் அடைபட்டது.

அடுத்த வழி, கர்னல் ஏற்கெனவே சரிபார்க்கும் ஒரு ஃபிளாக் புலத்தில் புது பிட்டை வைப்பது. செட் உருவாக்கும்போது தெரியாத ஃபிளாக் வந்தால் கர்னல் "ஆதரவு இல்லை" என்பதற்கான ஈஆப்நாட்சப் கொடுக்கும். பல புலங்களைக் கோர்த்து ஒவ்வொன்றிலும் வரம்பு வைக்கும் செட்கள் 5.6-ல் வந்தன, அதற்கான கான்கேட் ஃபிளாக் அந்தக் கர்னல் வெளியான பிறகுதான் சேர்ந்தது. புதிய கருவி பழைய கர்னலில் அந்த மாதிரி செட்டை எழுதினால் தெளிவான மறுப்பு வரட்டும் என்பதற்காகவே அது. செட்டில் தேடும் லுக்கப் எக்ஸ்பிரஷனில் அர்த்தத்தைத் திருப்பும் ஃபிளாக் வந்தபோதும், கூடவே தெரியாத பிட் இருந்தால் மறுக்கும் சோதனையை எழுதிவிட்டார்கள். நீங்கள் புதிதாக ஒரு ஃபிளாக் புலம் சேர்த்தால் அந்தச் சோதனையை முதல் நாளே போடுங்கள். இன்று ஒரு பிட்தான் இருக்கிறது, எதற்கு என்று விட்டால், நாளை இரண்டாவது பிட் சேர்க்கும் ஆள் பாவம், அவருக்கு வழியே இருக்காது.

புது செய்தி வகை சேர்ப்பதும் பாதுகாப்பானது. இல்லாத பொருளை அழிக்கச் சொன்னாலும் பிழை தராத டெஸ்ட்ராய் கட்டளை 6.3 கர்னலில் வந்தது. அதை டெலீட் செய்திக்குள் ஒரு ஆட்ரிபியூட்டாகச் செருகவில்லை, தனிச் செய்தி எண்களே கொடுத்தார்கள். தெரியாத செய்தி எண் வந்தால் எந்தக் கர்னலும் மறுத்துவிடும். முழுக்கவே புது வேலை என்றால் புதுப் பெயரில் எக்ஸ்பிரஷன் எழுதிவிடுங்கள். தெரியாத பெயருக்குக் கர்னல் மாட்யூலைத் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றால் ஈனோஎன்டி கொடுக்கும்.

புரியாமல் விட்டாலும் ரூலின் அர்த்தம் மாறாத விஷயம் என்றால், உதாரணமாக ஒரு குறிப்புரை, அப்போது சாதாரண ஆட்ரிபியூட் போதும். சொல்லப்போனால் குறிப்புரை மாதிரியானவை கர்னலுக்குத் தெரியவே வேண்டாம்; யூசர்டேட்டா என்ற மூடிய பையில் கருவியே வைத்து எடுத்துக்கொள்ளும், கர்னல் அதைத் திறந்துகூடப் பார்க்காது.

திரும்பி வரும் வழி

கருவி அனுப்புவதை மட்டும் யோசித்துவிட்டு, கர்னல் திருப்பிக் காட்டுவதை மறந்துவிடுவது புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் விஷயம். லிஸ்ட் கட்டளை கொடுத்தால் கர்னல் ரூல்களை டம்ப் செய்கிறது. பழைய கருவியும் அதைப் படிக்கும், தெரியாத ஆட்ரிபியூட்டை அதுவும் தாண்டிப் போகும். அப்புறம் அந்த அரைகுறை வெளியீட்டை யாரோ கோப்பில் சேமித்து, மறுபடி ஏற்றுவார்கள்.

ஐபிடேபிள்ஸின் என்எஃப்டி வடிவத்தில் (அதே கட்டளை, உள்ளே என்எஃப்டேபிள்ஸ்) இது நிஜமாகவே வலித்தது. 1.8.8 பதிப்பு மார்க் (பாக்கெட்டுக்குக் கர்னல் ஒட்டும் எண்) சோதனையை எழுதும் விதத்தை மாற்றியது. அதை 1.8.7-ஆல் சரியாகப் படிக்க முடியவில்லை. ஹோஸ்டில் ஒரு பதிப்பு, கண்டெய்னருக்குள் இன்னொரு பதிப்பு என்று ஓடிய குபர்நெட்டிஸ் அமைப்புகளில் 2022-ல் இது வெளிப்பட்டது: "இந்த மார்க் இருந்தால் டிராப் செய்" என்ற ரூலில் நிபந்தனை காணாமல்போய், வெறும் டிராப் மட்டும் பழைய கருவியின் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே கர்னல் ஒப்பந்தம் எதுவும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். கர்னலிடம் எழுதும் கருவியும் அதிலிருந்து படிக்கும் கருவியும் வேறு வேறாக இருந்ததுதான் காரணம். ஆகவே ஒரே ரூலை வேறு வடிவத்தில் எழுதும் "சுத்தப்படுத்தும்" பேட்ச்கூட யூசர்ஸ்பேஸ் பக்கம் பொருத்தச் சிக்கல்தான். படிக்கும் நிரலை முதலில் ஒரு பதிப்பில் வெளியிட்டு, எழுதும் நிரலைச் சில பதிப்புகள் கழித்து மாற்றுவது நல்ல பழக்கம்.

கர்னல் பக்கம் இதற்கு என்ன செய்யலாம்? புது ஆட்ரிபியூட்டுக்கு வழக்கமான மதிப்பு இருந்தால், பழைய ரூல்களின் டம்ப் பழைய கருவிக்கு முன்பு மாதிரியே புரிய வேண்டும். ரெஜிஸ்டர்கள் கதை இதற்கு நல்ல பாடம். ஆரம்பத்தில் 16 பைட் அளவில் நாலு ரெஜிஸ்டர்கள், 1 முதல் 4 வரை எண்கள். 4.1 கர்னலில் அவற்றை 4 பைட் அளவில் பதினாறாகப் பிரித்து, 8-லிருந்து புது எண்கள் கொடுத்தார்கள். பழைய எண்ணில் கேட்டாலும் வேலை செய்யும். அதோடு நிற்கவில்லை: டம்ப் செய்யும்போது, ஒரு ரெஜிஸ்டர் 16 பைட் எல்லையில் சரியாக உட்கார்ந்திருந்தால் கர்னல் அதைப் பழைய எண்ணாகவே மாற்றிக் காட்டுகிறது. பழைய கருவிக்கு உள்ளே எல்லாம் மாறிவிட்டது என்று தெரியவே தெரியாது.

நெஸ்டட் ஆட்ரிபியூட் (தனக்குள் வேறு ஆட்ரிபியூட்களை வைத்திருப்பது) விஷயத்திலும் இதே எச்சரிக்கை. 5.2 கர்னலில் நெட்லிங்க் சரிபார்ப்பைக் கடுமையாக்கியபோது, பழைய ஃபங்ஷன்களின் பெயரில் டெப்ரிகேட்டட் என்றும், நோஃபிளாக் என்றும் வால் ஒட்டினார்கள். நெட்ஃபில்டர் நிரலில் அவற்றைப் பார்த்ததும் புதியவர்களுக்குக் கை பரபரக்கும், நவீனமாக மாற்றி முதல் பேட்ச் அனுப்பலாமே என்று. வேண்டாம். கடுமையான ஃபங்ஷன், வகை எண்ணில் நெஸ்டட் என்று குறிக்கும் பிட் இல்லாமல் அனுப்பும் பழைய கருவியை மறுத்துவிடும். டம்ப் பக்கம் அந்த பிட்டைப் போட ஆரம்பித்தால், அதைக் கழிக்காமல் வகை எண்ணைப் படிக்கும் பழைய நிரல் குழம்பிவிடும். அந்த வால் காரணத்தோடுதான் இருக்கிறது.

யூசர்ஸ்பேஸ் பக்கம்

வரிசை: முதலில் ஹெடர் நகலைப் புதுப்பித்தல், பிறகு லிப்என்எஃப்டிஎன்எல்லில் ஆட்ரிபியூட்டைக் கட்டுவதும் பிரிப்பதும், அதன் பிறகு என்எஃப்டியின் இலக்கணம், கடைசியில் ஜேசன் வெளியீடு. நூலகத்தில் புது ஃபங்ஷன் சேர்த்தால் சிம்பல் மேப் கோப்பில் புதுப் பதிப்புப் பகுதியில் சேர்க்க வேண்டும், பழைய பகுதிக்குள் திணிக்கக் கூடாது. இருக்கும் ஃபங்ஷனின் வடிவத்தை மாற்றாதீர்கள்.

பயனர் புது வசதியைக் கேட்காதபோது புது ஆட்ரிபியூட்டையோ ஃபிளாக்கையோ அனுப்பாதீர்கள். சொல்லத் தேவையில்லாத விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் "எப்போதும் அனுப்பிவிடலாம், வழக்கமான மதிப்புதானே" என்று எழுதிய நிரல், ஃபிளாக் சோதனையுள்ள பழைய கர்னலில் பழைய ரூல்களைக்கூட ஏற்ற முடியாமல் செய்துவிடும்.

வசதி இருக்கிறதா என்று சோதிக்க என்எஃப்டியின் செக் விருப்பம் உதவும். அது வெறும் இலக்கணச் சோதனை இல்லை. ரூல்கள் மொத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையாக நிஜமாகவே கர்னலுக்கு அனுப்பி, முடிந்தது என்று சொல்லும் கடைசிச் செய்தியை மட்டும் அனுப்பாமல் விடுகிறது. கர்னல் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, முடிவு வராததால் அத்தனையையும் திரும்பப் பெறுகிறது. என்எஃப்டியின் ஷெல் சோதனைகளில் ஃபீச்சர்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு குட்டி ரூல்செட், அது ஏறுகிறதா என்று பார்த்து, ஏறாவிட்டால் அதைச் சார்ந்த சோதனைகளைத் தவிர்க்கும். உங்கள் வசதிக்கும் அங்கே ஒரு கோப்பு எழுதுங்கள். ஆனால் ஒன்று, தலையாட்டும் கர்னலில் இந்த முறை பொய் சொல்லும். ஏறியதா என்று மட்டும் பார்க்காமல், ஏற்றியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டியிருக்கும்.

சோதிக்கும்போது

குறைந்தது நாலு ஜோடிகளையாவது ஓட்டிப் பாருங்கள்: புதிது-புதிது, புதிய கர்னலில் பழைய கருவி, பழைய கர்னலில் புதிய கருவி, அப்புறம் ஒரே கர்னலில் ஒரு கருவி எழுதி மற்றது படிப்பது. கடைசி ஜோடியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய கருவி எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். டெபியன் 10-ல் என்எஃப்டி 0.9.0, 11-ல் 0.9.8, 12-ல் 1.0.6 இருக்கின்றன, கண்டெய்னர் படங்களாக எடுத்து ஓட்டிக்கொள்ளலாம். கர்னல்களுக்கு விர்ட்மி-என்ஜி போன்ற கருவி இருந்தால், முழு டிஸ்ட்ரோ நிறுவாமலே கம்பைல் செய்த கர்னலை க்யூஇஎம்யூவில் கிளப்பிவிடலாம். 5.10, 5.15, 6.1, 6.6 என்று நீண்டகால ஆதரவுக் கர்னல்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் ஓட்டுவது அவற்றைத்தான்.

டெபியன் 10-ஐ எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2019-ல் வந்த அந்தப் பதிப்பில்தான் ஐபிடேபிள்ஸ் கட்டளை வழக்கமாக என்எஃப்டி வடிவத்துக்கு மாறியது. பழைய லெகசி வடிவமும் கூடவே இருக்கும். இரண்டிலும் ரூல்கள் இருந்தால் இரண்டுமே வேலை செய்யும், ஒன்றின் கட்டளைக்கு மற்றதன் ரூல்கள் பட்டியலில் தெரியாது. சோதனை புரியாத விதமாகத் தோற்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஏற்றுங்கள், பட்டியலிடுங்கள், அந்தப் பட்டியலையே மறுபடி ஏற்றுங்கள், முதல் பட்டியலும் இரண்டாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள், பிறகு ரூலை அழியுங்கள். நிஜமாகப் பாக்கெட் அனுப்பி கவுண்டர் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏற்றுவதும் காட்டுவதும் சரியாக இருந்து நடுவில் வேலை மட்டும் தப்பாக இருப்பது சாத்தியம். கர்னலில் கேசனை இயக்கி வைத்திருந்தால், பிழைப் பாதைகளில் நினைவகத்தைத் தவறாகத் தொட்டால் சத்தம் போடும். மறுக்கப்படும் ரூல்களையும் நிறைய அனுப்பிப் பாருங்கள். பரிவர்த்தனை பாதியில் கலையும் வழியில்தான் பழைய பிழைகள் அதிகம் கிடைத்திருக்கின்றன.

அனுப்பும்போது

புது வசதி நெட்ஃபில்டரின் என்எஃப்-நெக்ஸ்ட் மூலமரத்துக்கு, திருத்தம் என்எஃப் மூலமரத்துக்கு. கர்னல் பேட்ச், நூலகப் பேட்ச், கருவிப் பேட்ச் மூன்றையும் தனித்தனியாக, ஆனால் ஒரே சமயத்தில் அனுப்புங்கள். கருவி நிரல் இல்லாமல் யூஏபிஐ மாற்றத்தை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. விளக்கத்தில் இரண்டு வாக்கியம் கட்டாயம் எழுதுங்கள்: இதைப் பழைய கர்னலிடம் அனுப்பினால் எந்தப் பிழை வரும், இந்த ரூலைப் பழைய கருவி பட்டியலிட்டால் என்ன தெரியும். மெயிண்டெய்னர் எப்படியும் கேட்கப்போகிற கேள்விகள் அவை.

கர்னல் பேட்ச் மெயின்லைனில் சேரும் வரை கருவியின் பதிப்பை வெளியிட வேண்டாம், பைனரியையும் யாருக்கும் கொடுத்து வைக்க வேண்டாம். நீங்கள் 7 என்று எண் கொடுத்த அதே ஈனமில் இன்னொருவரும் அதே வாரம் 7 என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம். அவருடையது முதலில் சேர்ந்தால் உங்களுடையது 8 ஆகும். அதற்குள் நீங்கள் நண்பருக்குக் கொடுத்த கருவி 7-ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும், புதிய கர்னலும் அதை வாங்கி, அவருடைய வசதி என்று நினைத்து ஏற்றிக்கொள்ளும்.